கண் மங்கியதை நான் சொன்ன நாள்

என் கணவர் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டினார். முதலில் வெறும் மஞ்சள் காமாலை என்றுதான் நினைத்தோம். பித்தக்குழாயில் புற்றுநோய் என்று சென்னையில் கண்டுபிடித்தபோது அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. கீமோவும் கேட்கவில்லை.

கட்டியின் சதையை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு மரபணுக் கோளாறு தெரிந்தது. "இந்தக் கோளாறுக்குன்னே ஒரு மாத்திரை ஆராய்ச்சியில இருக்கு. பலன் தருமான்னு எங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டர். ஆராய்ச்சியில் சேர என் கணவர் கையெழுத்துப் போட்டார்.

பலன் தந்தது. கால் நகங்கள் கழன்றன, வாய் வறண்டது. ஆனால் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. பிடிவாதமாக மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

நானும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் சுங்குவார்சத்திரத்தில் கைகாட்டிய பெண்களைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் தள்ளி நிறுத்தினார். ஓடிவந்து ஏறிய ஒருத்தி, "இன்னாண்ணா, கண்ணு தெரியலயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் கேட்டேன். "நடுவுல வட்டமா நிழலு மாதிரி கீது. பத்து நாளா" என்றார். "டாக்டராண்ட சொல்லாத. மாத்திரைய நிறுத்திருவாங்க."

"பஸ்ல அத்தன பேரு இருக்காங்களே?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, அளவைக் குறைத்துத் திரும்பக் கொடுத்தார்கள். பார்வை தெளிந்தது. ஆனால் கம்பெனி மறுபடி அவரிடம் பஸ்ஸைத் தரவில்லை. "உன்ன நம்பித்தான சொன்னேன்" என்றார் ஒரே ஒரு தடவை. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆறு மாதத்தில் கட்டி மறுபடி வளர்ந்தது.

"நான் சொன்னதாலயா டாக்டர்?"

"கட்டி மருந்துக்குப் பழகிடும்மா. உங்களாலன்னு சொல்ல முடியாது."

சொல்ல முடியாதா, இல்லவே இல்லையா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு அடைமழை நாளில் என் கணவர் போய்விட்டார்.

மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பித் தரச் சொல்லி ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் கூப்பிட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். "இத வேற யாராவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒருத்தர் சேர்ந்திருக்கார்."

"கண்ணு எப்படியிருக்குன்னு அவர மட்டும் கேக்காதீங்க. வீட்டுல இருக்கறவங்களையும் கேளுங்க."

நர்ஸ் அந்தப் புதியவரின் பைலை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.