மாசிலாமணி ஆசாரியின் கோபம்

"உங்க ஆசாரி போயிட்டாருங்க. சாயங்காலம் எடுக்குறாங்களாம்." ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டர் சொன்னார். வாலிகண்டபுரம் மாசிலாமணி ஆசாரியை அறிந்தவர்களுக்கு அவர் கைத்திறனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கோபத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

யுத்த காலத்தில் இந்த ஜெயங்கொண்டத்தில் ஒரு முந்திரி வியாபாரி வீடு கட்டினார். கதவு வேலைக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடும் மாசிலாமணி ஆசாரியும் நானும் உட்படப் பத்து ஆசாரிகள். மூன்றே மாதத்தில் கதவுப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. மேஸ்திரி காயாத பச்சை மரம் வாங்கிப் போட்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வியாபாரியிடம் அண்ணனைக் கைகாட்டினார். "இவன் கோடு கிழிக்கிற கட்டை நழுவுதுங்க. அளவு நிக்கல." சொல்லிவிட்டு அந்தக் கட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். மற்ற ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுவாரம் வெட்கத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கொட்டகையில், நழுவாத ஒரு கருவியை முழுக்க உலோகத்தில் செய்துகொண்டிருந்தார். தண்டுக்கு லாரியின் பழைய இரும்புக் கம்பி. பலகை ஓரத்தை ஒட்டி நகர, பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பாகத்தை அராவித் தண்டில் கோத்திருந்தார். அதை இறுக்க ஒரு திருகு. கோடு கீற, உடைந்த தையல் மிஷின் ஊசி. விளக்கு அண்ணியின் சீர்.

"வெளக்கு போனா போவுது. அந்தாளு மானம் போவணும்" என்றார் அண்ணி.

"எம்மேல கோவமாண்ணே?" என்று கேட்டேன்.

"அரத்தை எடு" என்றார் அண்ணன்.

கருவி முடிந்ததும் அண்ணன் அதை வியாபாரி வீட்டுக்குக் கொண்டுபோனார். மாடிக்கென்று மேஸ்திரி அன்று கொண்டுவந்து இறக்கிய மரத்திலிருந்து ஒரு பலகையை எடுத்து, வியாபாரியின் முன்னால் ஓரத்திலிருந்து ஆறு அங்குலத்தில் கோடு கிழித்தார். திருகை இறுக்கிக் கருவியையும் பலகையையும் அவரிடமே ஒப்படைத்தார். கோடை முடிந்ததும் வியாபாரி எங்களைக் கூப்பிட்டுக் கருவியைப் பலகையில் வைத்தார். ஊசி பழைய கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் தள்ளி நின்றது. இரும்பு அப்படியே இருந்தது, மரம் சுருங்கியிருந்தது.

பதினாறு கதவுகளையும் மேஸ்திரியே கழற்றும்படி ஆயிற்று. அண்ணன் எதிரே முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் மேஸ்திரி வந்து, "மன்னிச்சுடுங்க ஆசாரி" என்றார். "இன்னும் நாலு கதவு இருக்கு" என்றார் அண்ணன்.

சாவு வீட்டுக்கு அதே மேஸ்திரி மாலையோடு வந்தார். கூட்டம் வழிவிட்டது. நான் எழுந்தேன். "இவரு வாங்குனது பச்சை மரம். பழிய ஆசாரி மேல போட்டாரு. நாங்க ஒம்பது பேரு வாயை மூடிக்கிட்டு நின்னோம்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அவர் மாலையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிணத்தின் முன்னால் இப்படிப் பேசலாமா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அண்ணி வருத்தப்படவில்லை.

அண்ணனின் உளிகளும் இழைப்புளியும் அவர் மகனுக்கு. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.