கண்ணாடிக் கூரை ரயிலுக்கு இரண்டு இருக்கைகள்

கண்ணாடிக் கூரை போட்ட அந்தச் சிவப்பு ரயிலை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் நர்ஸ் சிஸ்டரின் கைப்பேசியில். கொல்லிமலையில் எங்கள் சுகாதார நிலையத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும், மறு நிமிடம் அதுவும் போய்விடும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர் ஸ்கூட்டியை எடுப்பார், நான் பின்னால் தொற்றிக்கொள்வேன். வாசலூர்பட்டிக்குப் போய், படகு விடுகிற ஏரிக்கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஸ்விட்சர்லாந்தைப் பார்ப்போம். பனிமலைகளுக்கு நடுவே எட்டு மணி நேரம் ஓடுகிற ரயில். எந்த ஊரில் ஏறுவது, எந்த மாதம் பனி நன்றாக இருக்கும், டிக்கெட் தனி, சீட்டு முன்பதிவு தனி என்பதையெல்லாம், தடுப்பூசிப் பட்டியல் போடுகிற அதே கறாரோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் அந்த நிலையத்தின் கிளார்க். நாமக்கல்லைத் தாண்டிப் போய் நான்கு நாள் தங்கியது கூடக் கிடையாது. ஆனாலும் யோசனை சொல்வதில் எனக்குக் குறைச்சலே இருக்காது.

இந்த ஆசை சிஸ்டருடையது அல்ல, அவர் வீட்டுக்காரருடையது. அவர் அடிவாரத்திலிருந்து மலைக்கு வருகிற பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல கேலிக்காரர். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை ஏன் இந்த ரயில் என்று கேட்டேன். “முப்பது வருசமா ரோட்டை மட்டுந்தான் பாத்தேன் அம்மிணி. எழுவது வளைவுலயும் பள்ளத்துல என்ன இருக்குதுன்னு பஸ்ல வந்த சனத்துக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவை, வேற எவனாச்சும் ஓட்டோணும், நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கோணும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போதே அவருக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டிருந்தது. சேலத்து டாக்டர், பார்வை எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார். சிஸ்டர் இதை என்னிடம் ஒளிக்கவில்லை. “நாலு மாசத்துக்குள்ள போயிட்டு வந்துரோணும் கண்ணு” என்றார். இங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். அரசு ஊழியர் வெளிநாடு போக வேண்டுமானால் துறையின் முன்அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் என் மேசையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மலையில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புகிற கடிதம் எதுவானாலும் ஒரு கேள்வியோடு திரும்பி மேலே வரும், பதில் எழுதினால் இன்னொரு கேள்வி வரும். ஆகவே முடிந்தவரை எதையும் கீழே அனுப்பாமலே காலத்தை ஓட்டிவிடுவோம். நானும் அப்படியே, “எட்டு மாசத்துல ரிட்டயர் ஆயிருவீங்க. அப்புறம் யாரு கேக்கப் போறாங்க? எதுக்குங்க வீணா ஃபைல் போட்டுக்கிட்டு?” என்றேன். சர்க்கரைக்காரர் எல்லாருக்கும் கண்ணில் கொஞ்சம் கோளாறு இருக்கும் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். யாரிடம்? முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவரிடம். சிஸ்டர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அனுபவத்தில் சொல்கிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அது அனுபவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சோம்பல்.

ஆறாவது மாதம் சிஸ்டர் வீட்டுக்காரரின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. லேசர் வைத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள். ஒரு கண் போயே போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. சிஸ்டரின் பணி நிறைவு விழாவுக்கு வந்திருந்தார். மாலை போட்டு இருவரையும் போட்டோவுக்கு நிறுத்தியபோது அவர் சுவரைப் பார்த்து நின்று சிரித்தார். சிஸ்டர் அவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமல் ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

பயணம் இனி இல்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவர் விடவில்லை. ஒருநாள் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து, இப்போதே பதிவு செய் என்று உட்கார்ந்துவிட்டார். ரயில் பெட்டியின் படம் என் கைப்பேசியில் கட்டம் கட்டமாக வந்தது. சிஸ்டர் டீ வாங்கப் போயிருந்தார். நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். என் பேச்சால்தான் தள்ளிப்போனது, அப்போதே ஃபைல் அனுப்பியிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று அழுதேன். அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “அதெல்லாம் விடு அம்மிணி. சன்னல் சீட்டை அவளுக்குப் போடு, எனக்கு நடைப்பக்கம் போதும். வூட்டையும் என்னையும் பாத்தே அவ காலம் போயிருச்சு. அவளாச்சும் பாக்கட்டும்.” அப்படியே பதிவு செய்தேன்.

போய்விட்டு வந்தார்கள். சிஸ்டர் ஒரு பை நிறையச் சாக்லேட்டோடு நிலையத்துக்கு வந்து, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். எல்லாரும் கேட்டதற்கு நன்றாக இருந்தது, நல்ல குளிர் என்று மட்டும் சொன்னார். பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். மலையெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் நின்றுவிட்டார்.

“சன்னல் பக்கம் திரும்புனா அவரு மொகம் எனக்குத் தெரியாது கண்ணு. வெள்ளையா ஏதாச்சும் அவருக்குத் தட்டுப்படுதான்னு எட்டு மணி நேரமும் அவரு மொகத்தையேதான் பாத்துட்டு வந்தேன். என்ன தெரியுது, என்ன தெரியுதுன்னு கேட்டுட்டே வந்தாரு. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டே வந்தேன். அவருகிட்ட ஏதும் சொல்லிராத.”

போன வாரம் சிஸ்டரின் வீட்டுக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார். இப்போது அந்த மிச்ச வெளிச்சமும் இல்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த ரயிலுக்கு வந்தது. “அவ ஒண்ணு விடாமப் பாத்துட்டா அம்மிணி. எனக்கு அது போதும்” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.