மருதமுத்து பாஸ் மாட்டித் தந்த வோல்ட் மீட்டர்

சென்ற வியாழன் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, பஸ் ஓட்டுநர் ஒருவர் வீதியின் மறுபக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "மொதலாளி, நம்ம மருதமுத்து பாஸ் போயிட்டாருங்க." அதற்குமேல் எனக்குக் கடை திறக்கக் கை வரவில்லை.

அவரை அறியாத பத்திரிகை வாசகர்களுக்காகச் சில வரிகள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதுளையில் சிறிய கராஜ் வைத்துக் கார்களுக்கு மின்வேலை பார்த்தவர்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். பழைய கார் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் போவோம். அறிந்தவர்களுக்கு அவர்மீது சுமத்தப்பட்ட ஒரு பழியும் தெரிந்திருக்கும்: துணிக்கடை முதலாளியின் காரை எரித்தவர். அந்தத் துணிக்கடைக்காரன் நான்தான்.

கார் டாஷ்போர்டில் மாட்ட யார் மீட்டர் வாங்கிக்கொண்டு போனாலும் உடனே மாட்டிவிட மாட்டார். "அழகுக்கா, பாத்து ஓட்டுறதுக்கா?" என்று கேட்பார். லைட், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேடு ஏறி வந்த பிறகுதான் முடிவு சொல்வார். ஐம்பதைத் தாண்டிய எங்கள் கண்ணுக்கு எண்கள் தெரியாதென்று, மகளின் பச்சைக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் மீட்டர் கண்ணாடியில் ஒரு பட்டை இழுத்துவிடுவார். "முள்ளு இதுக்குள்ள நின்னா பேட்டரி சார்ஜ் ஆவுதுங்க. கீழ எறங்குனா வீட்டுக்குத் திரும்பிருங்க. மேல போனா பேட்டரி வெந்துரும்."

என் மொரிஸ் கார் அப்பா விட்டுச் சென்றது. அதில் டைனமோவைக் கழற்றி, அதைவிட அதிக மின்சாரம் தரும் ஆல்டனேட்டர் போட்ட நாளில், பழைய அம்பியர் மீட்டரும் வேண்டாம் என்றார். அப்பா பார்த்த மீட்டர், இருக்கட்டுமே என்று மல்லுக்கு நின்றேன்.

"கரண்டு பூரா அதுக்குள்ள பூந்துதாங்க வெளிய வரணும். டைனமோ காலத்துக்கு அது சரி. இப்ப வர்ற கரண்டுக்குத் தாங்காது. வோல்ட் மீட்டரு ஓரமா நின்னு பாக்குற ஆளு, அதால வம்பு இல்ல."

வோல்ட் மீட்டரை மாட்டிவிட்டு, பழையதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி என் கையில் தந்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. தோட்டத்து ஆள் எனக்குச் சொல்வதா என்ற திமிரும் இருந்தது, இனி ஒளித்து என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை வோல்ட் மீட்டரைக் கழற்றி, கையில் கிடைத்த மெல்லிய வயரால் அப்பாவின் மீட்டரை நானே திரும்ப மாட்டினேன். மறுவாரம் அப்புத்தளை ஏற்றத்தில் டாஷ்போர்டுக்குள் புகை, பிறகு தீ. அணைக்கப் போன என் மனைவியின் வலக்கை வெந்துபோனது. கூட வந்த மைத்துனர், "யாரு செஞ்ச வேலை இது?" என்று கத்தினார்.

"மருதமுத்து" என்றேன்.

மறுநாள் அவர் காரைப் பார்க்க வந்தார். கருகிய வயரை வெளியே இழுத்ததுமே தன் வேலை இல்லையென்று தெரிந்திருக்கும். என் மனைவியும் மைத்துனரும் அங்கேயே நின்றார்கள். மருதமுத்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அம்மா, கை இப்ப எப்பிடி இருக்குங்க?" என்று மட்டும் கேட்டார். வோல்ட் மீட்டரைத் திரும்ப மாட்டித் தந்தார்.

மைத்துனரின் வாய் சும்மா இருக்குமா? கராஜுக்கு வரும் கார்கள் குறைந்தன. நான் மட்டும் தொடர்ந்து போனேன். அதற்கும் ஊர் என்னைத்தான் புகழ்ந்தது. ஒருமுறை உண்மையைப் பேச வாயெடுத்தேன். "விடுங்க மொதலாளி, முள்ளு பச்சையில நிக்குதுல்ல?" என்று பேச்சை மாற்றிவிட்டார். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங்வெளி மரண வீட்டில் ஒருவர் அவர் உடலருகிலேயே என்னிடம் சொன்னார்: "ஒங்க காரையே எரிச்ச மனுஷன். இருந்தும் வந்திருக்கீங்களே, பெரிய மனசுங்க." அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க மொதலாளி. அவரு கடைசி வரைக்கும் ஒங்கள விட்டுக் குடுக்கலைங்க."

எனக்கு உட்கார முடியவில்லை. அழுதேன்.

பாஸ், அந்த வயரை மாட்டியவன் நான். உங்கள் கை பட்ட எந்தக் காரும் எரிந்ததில்லை. என் மனைவிக்கு இது இன்னும் தெரியாது. இந்தத் தாளை முதலில் அவளுடைய தழும்பேறிய கையில் கொடுக்கப்போகிறேன். அதன் பிறகே அச்சுக்குப் போகும். சென்று வாருங்கள்.