கல்லில் என் வீட்டுக்காரம்மாவின் பெயர்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார், எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரி. அவருடைய அம்மா ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர், மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு மாநிலம் போய்விட்டதால், அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்றுகூட வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. வயதான பிறகு அந்தத் தேடல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகத் தேவாலயங்களுக்கு போன் பண்ணி, கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடித்தார். கண்ணில் புரை, கார் ஓட்ட முடியாது. என்னைக் கூப்பிட்டார்.

அப்போது எனக்கு நாலு மாதம். கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. முதல் பெண் குழந்தை திருச்சியில் பிறந்து, பதினோராம் நாள் பெயர் வைத்து, மாதம் நிறைவதற்குள் போய்விட்டது. வைத்தது என் மாமியாரின் பெயர். என் கணவர் சிறுவயதிலேயே பறிகொடுத்த அம்மா அவர்.

"இந்த வாட்டியும் பொண்ணுன்னா அம்மா பேர்தான்," என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பேர் வேண்டாங்க. பயமா இருக்கு."

"எம்.எஸ்ஸி. படிச்சிட்டு இப்படியா பேசுவ?"

படிப்புக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி சுடுகாட்டுப் பக்கமே போகக் கூடாது. ஆனால் வரமாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் கண்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு அவருடைய பெரிய காரை ஓட்டினேன். வழியெல்லாம் அவர் அம்மாவைப் பற்றியே பேசினார். நினைவிருந்தது கொஞ்சம்தான். ஒரு சாம்பல் நிறச் சால்வை. பிறகு, அம்மா தன்னை 'கோழி' என்றே கூப்பிட்டது. ஸ்காட்லாந்தில் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்களாம். ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம் என்று அவருக்கு அந்த வயதிலும் குறை.

கல்லைக் கண்டுபிடித்ததும் என்னைப் படிக்கச் சொன்னார். மேலே அம்மாவின் பெயர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர் என்ற வரி. அதன் கீழே, அவருக்கு முன்பே இறந்துபோன ஒரு பெண் குழந்தை. அதன் பெயரைப் படித்தேன். வீட்டுக்காரம்மாவின் பெயர். அதற்கும் கீழே இன்னொரு பெண் குழந்தை. மறுபடியும் அதே பெயர்.

செத்த பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கும் வைத்திருக்கிறாள், அதுவும் போய்விட்டது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரம்மா கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

வீடு வந்ததும் அவர் உள்ளே போனார். நான் எப்படிப் போவேன்? சுடுகாட்டுக்குப் போன உடம்போடு வாசற்படியை மிதிக்க முடியுமா? புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைத் திறந்து, புடவையோடு தலையில் விட்டுக்கொண்டேன். அக்டோபர் மாதக் குளிர். பல் கிட்டிப்போனது, அழுகையும் சேர்ந்துகொண்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்த வீட்டுக்காரம்மா பதறி ஓடிவந்து, போர்வையைச் சுற்றி என்னைத் தன் அடுப்படியில் உட்காரவைத்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். வயிற்றில் இருப்பது, கையைவிட்டுப் போனது, அந்தப் பெயர், எல்லாவற்றையும் திக்கித் திணறிக் கொட்டிவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரோடு பிறந்த மூன்றாவது ஆள் தான்தான் என்றும், இன்னும் தன் சூப்பைத் தானே வைத்துக் குடிப்பதாகவும் சொன்னார். அம்மாவுக்குத் தன்மேல் பிரியம் இல்லையோ என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாராம். அந்தப் பெயரைச் சொல்லவே அம்மாவுக்குப் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

எனக்குப் பெண்தான் பிறந்தாள். மாமியார் பெயரையே வைத்தோம். நான் மட்டும் அவளைக் 'கோழிக்குஞ்சு' என்றேன். தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். பயம் மட்டும் போகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாயா என்று வீட்டுக்காரம்மா அவ்வப்போது கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒரு குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்து, குளித்துவிட்டு அடுப்படியில் நின்றேன். உள்ளறையில் விளையாடிக்கொண்டிருந்த மகளை முதல் தடவையாக முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

போட்டது போட்டபடி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாட்ஸ் ராங், அம்மா?"

"ஒண்ணுமில்லடி. சாப்பிட வா," என்றேன்.