ஊசி தன்னையே எடுத்த படம்

நுண்ணோக்கி அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா லிஃப்ட் கதவருகே ஒரு தாளை ஒட்டினாள்: ‘மெதுவாக மூடவும். கீழே ஒருத்தி ஊசி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.’

தையல் ஊசி அல்ல. அதன் முனை கண்ணுக்கே தெரியாது. தகட்டின் மேல் வரிவரியாக ஊர்ந்து, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் படம். யாராவது கதவை அறைந்து சாத்தினால் படத்தில் கோடு விழும். வீட்டிலும் அம்மாவுக்குப் பூனை நடைதான். “உங்கம்மாவோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. குரலை உசத்தினா அதிருதும்பா,” என்பார் அப்பா மகளிடம்.

அம்மாவின் குறிக்கோள் ஒன்றே ஒன்று: உலோகத்தைத் துருவிடமிருந்து காக்க, ஒற்றை மூலக்கூறு கனத்தில், ஓட்டையில்லாத படலம். நீரின் மேல் மூலக்கூறுகளை நெருக்கி நிறுத்தி, உள்ளே அமிழ்த்திய தகட்டை மேலே இழுத்தால் அவை ஒட்டிக்கொண்டு வரும்.

ஒருமுறை படம் பிரமாதமாக வந்தது. இடைவெளியே இல்லாமல் குட்டிக்குட்டி முக்கோணங்கள். ஆய்வகத் தலைவர் கட்டுரையை அனுப்பத் தயாரானார். அம்மாவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கின்றன? தகட்டைக் கோணலாகத் திருப்பி வைத்து மறுபடி படம் எடுத்தாள். தகடு திரும்பியது, முக்கோணங்கள் திரும்பவில்லை.

“படம் அழகாத்தானே இருக்கு மேடம், விடுங்களேன்.”

“அழகுதான் சார். ஆனா அது படலம் இல்ல. முனை உடைஞ்ச ஊசி தன்னையே படம் எடுத்துக்கிட்டிருக்கு. எந்த மேட்டுல ஏறினாலும் உடைஞ்ச முனையோட வடிவம்தான் பதியுது.”

கட்டுரை நின்றது. புது ஊசியில் பார்த்தால், மழுங்கிய முனை நுழைய முடியாத ஓட்டைகள் எங்கும். அம்மா முதலிலிருந்து தொடங்கினாள். நீரை மாற்றினாள், தகட்டை இழுக்கும் வேகத்தைக் குறைத்தாள். இடையில் நோய் வந்தது. சிகிச்சை போக மிச்ச நாளெல்லாம் அடித்தளம்தான்.

“கொஞ்சம் ஓய்வெடும்மா,” என்றாள் மகள்.

“நீ போய் உன் வேலையப் பாரு. எனக்கு இந்த ஓட்டைய அடைக்கணும்.”

அம்மா போய்ச் சில வாரங்களில் அந்த அறையின் டெக்னீஷியன் மகளை அழைத்தார். மகளும் வேறோர் ஆய்வகத்தில் இதே ஊசி பிடிப்பவள்தான்.

“மேடம் கடைசியா இழுத்த தகடு இது. ஓரத்துல சதுரமா சுரண்டி வெச்சாங்க. அளக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டியதாயிடுச்சு.”

ஊசியை அழுத்திச் சுரண்டினால் படலம் விலகும். அந்தப் பள்ளத்தின் ஆழமே படலத்தின் கனம். மகள் புது ஊசி மாட்டினாள். சதுரம் தெரிந்தது. ஆழம் ஒரு மூலக்கூறு. சுற்றிலும் ஓட்டை இல்லை. திரை கலங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே நம்பிவிட மனம் வரவில்லை. அம்மா செய்தது போலத் தகட்டைக் கோணலாகத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டினாள்.

வரிவரியாகப் படம் இறங்கியது. சதுரமும் கூடவே திரும்பியிருந்தது.

“என்ன பாப்பா?”

“அம்மா சுரண்டினதுதான் அண்ணா. ஊசி பொய் சொல்லல. சார்கிட்ட சொல்லிடுங்க, கட்டுரைய எழுதலாம்னு. நான் இன்னும் நாலு இடத்துல பாத்துட்டு வரேன்.”