அவரைத் தூக்க எனக்குக் கால் வேண்டும்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, கும்மிடிப்பூண்டியிலிருந்து எஸ்தர் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரும்பு உருக்கும் கம்பெனியில் உழைத்த கனமான உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை. மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு அறுபத்தாறு வயது.

போன மழைக்காலத்தில் என் கால்களும் தளர்ந்துவிட்டன. அவரைத் தூக்கினால் தொடை நடுங்கும். சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாது. நானும் விழுந்துவிட்டால் அவரை யார் பார்ப்பார்கள்? இந்த ஒரு கேள்வி என்னை அரித்துத் தின்றது.

நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே. உபவாசம் இருந்தேன். மணிக்கணக்கில் முழங்காலில் நின்றேன். பலம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பட்டினி கிடந்த பைத்தியக்காரி நான். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடித்து எழுந்து, தலை சுற்றச் சுற்ற அவரைத் தூக்கப் போனேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். மகன் வரும்வரை அப்படியே கிடந்தோம். அவர் நல்ல கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்களை மறந்துவிட்டீரா ஆண்டவரே" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அந்த வாரமே அவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். அவர் கையைப் பிடித்திருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கையை ஊணாம அந்த சேர்ல இருந்து எழுந்திருங்க பாக்கலாம்."

"எனக்கு இன்னாத்துக்கும்மா? நோவு அவருக்கு. எனக்கு நான் ஜெபம் பண்ணிக்கினுதான் கீறேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் வீட்டுக்காரர் குழறிக் குழறிச் சொன்னார். "நீ கேட்டதுக்குதான் ஆண்டவரு ஆள் அனுப்சிக்கிறாரு. வந்ததை வேணாங்கிறியே."

அந்தப் பெண் எனக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள்.

சுவரோரம் நாற்காலி போட்டு மெல்ல எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. அவ்வளவுதான். பட்டினியை விட்டுவிட்டு முட்டை சாப்பிடச் சொன்னாள். ஒவ்வொரு முறை எழும்போதும் ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் கட்டிலிலிருந்து சிரிப்பார். ரொம்ப நாள் ஒன்றும் மாறவில்லை. அழுதுகொண்டே செய்தேன்.

இந்தக் கோடையில் ஒருநாள் அவரை மாற்றும்போது அவர் கால் வழுக்கியது. முழு பாரமும் என்மேல் வந்தது. விழப்போகிறோம் என்றே நினைத்தேன். என் கால் மடங்கவில்லை. பிடித்தபடி நின்று, மெல்ல உட்கார வைத்தேன். இரண்டு பேரும் கர்த்தருக்கு நன்றி சொல்லி அழுதோம்.

அவர் இன்னும் நடக்கவில்லை. என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தரை ஈரமாக இருந்தால் இன்றும் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் அவரைத் தொடுகிறேன். ஆனாலும் தினமும் அவரைத் தூக்குகிறேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்.

என்னைப்போல் கால் தளர்ந்தவர்களே, நம்பிக் கேளுங்கள். கர்த்தர் நிச்சயம் கேட்பார். ஆமென் சொன்ன கையோடு, சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.