செம்புப் பூண் போட்ட கம்பி

1. கேட்டுக்கு வெளியே

ஒரு விஜயதசமி அன்று காலை எட்டரை மணிக்கு, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று, முதலாளி எப்போது வெளியே வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் நாலைந்து வருஷம் இருக்கும். முந்தின நாள் அவருக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். அந்தச் சரியான பதிலால்தான் காலையிலேயே ஓடி வந்திருந்தேன்.

எனக்கு விருதுநகரில் பழைய இரும்புக் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். பட்டறையில் கையால் அடித்த பழைய சாமான் எது கிடைத்தாலும், இது என்னவென்று கேட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். கொத்தமல்லி மூட்டையில் குத்திச் சாம்பிள் எடுக்கிற குத்தூசியை ஒருவர் முருகனுக்கு அலகு குத்துகிற வேல் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். மாட்டுக்கு லாடம் கட்டும்போது குளம்பு சீவுகிற உளியை வைத்து ஒரு வீட்டில் தேங்காய் கீறிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாமானின் வடிவத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கை பிடித்த இடம் வழுவழுப்பாக இருக்கும். சம்மட்டி விழுந்த தலை காளான் மாதிரி விரிந்திருக்கும். வேலை செய்த முனை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ, அது எதில் வேலை செய்தது என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும். அதனால் சாமானைக் கையில் எடுத்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது. அந்த ஒரு நாள் நான் திறந்தேன்.

2. பூஜையில் இருந்த கம்பி

ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனி முதலாளி கூப்பிட்டிருந்தார். செல்வராஜ் அண்ணாச்சி. அவர் கம்பெனியின் கழிவுத் தகரம், உடைந்த டிரம் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தும் அன்றைக்கு வேலையை நிறுத்தி, ஆபீஸ் கட்டடத்தில் பூஜை போட்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து, தராசு, மரச்சுத்தியல், பித்தளைக் கரண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு முழ நீளத்தில் ஒரு கம்பி. புளி போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று இருந்தது.

அண்ணாச்சி எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். "பாய், இங்கன வாங்க. எங்க தாத்தா டிரங்குப் பெட்டியில கெடந்தது. இது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை அசைக்கக்கூடாது என்பது வழக்கம். அதில் போய் நான் எப்படிக் கை வைப்பேன்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். உடம்பு இரும்பு. முனையில் மட்டும் செம்புப் பூண். பூணிலிருந்து மேலே ஒரு ஜாண் தூரத்துக்கு, திரி போகிற அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. தலை விரிந்திருந்தது. எனக்கு ஒரு நொடி போதும்.

"மருந்து கிட்டிக்கிற கம்பி அண்ணாச்சி. கருமருந்தைக் கொட்டி, திரியை இந்தப் பள்ளத்துல விட்டு, குத்திக் குத்தி இறுக்கிக் கிட்டிக்கிறது. தீப்பொறி வராம இருக்கத்தான் செம்பு."

கூட்டம் கை தட்டியது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாத்தா இதை வச்சுத்தான் மொத வெடியைச் செஞ்சிருக்காக, பாத்தீகளா! நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு மேல நல்ல நேரம். இந்தக் கம்பியிலயே மொத மருந்தைக் கிட்டிச்சு வேலையைத் தொடங்குவோம்."

நானும் சிரித்துக்கொண்டு, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆமத்தூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அது கிணறு வெட்டுகிறவர்களின் கம்பி. பாறையில் துளை போட்டு, மருந்து கிட்டித்து, வேட்டு வைப்பார்கள். அந்த மாதிரிக் கம்பி என் கடைக்கு ஆறேழு வந்திருக்கிறது. ஒன்றில்கூடப் பூண் முழுசாக இருந்ததில்லை. துளைக்குள் கல்லில் உரசி, ஒரு பக்கம் செம்பு தேய்ந்து இரும்பு தெரியும். அந்த இரும்பு எதிலாவது இடித்தால் பொறி, மருந்தில் தீ. அண்ணாச்சியின் கம்பி அடிப்பக்கம் எப்படி இருக்கிறது? துணியில் படுத்திருந்த பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆபீசுக்குப் போன் போட்டேன். பூஜை முடிந்து பூட்டிவிட்டார்கள் போல, யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி சொன்னாள்: "கேட்டாக, சொன்னீக. அவுகளுக்குத் தெரியாத தொழிலா? சும்மா கெடந்து பதறாதீக."

எனக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம்தான். ஆனால் சாமான் விஷயத்தில் என் பதற்றம் பொய் சொன்னதில்லை.

3. வேனும் காந்தமும்

மறுநாள் காலையில் ஆமத்தூருக்கு வருகிற கம்பெனி வேனிலேயே ஏறிவிட்டேன். வேன் முழுக்கப் பெண்கள்.

"ஏ, பாயும் நம்ம கூட வெடி சுத்த வாராகடி!" என்று ஒருத்தி சொல்ல, வேனே சிரித்தது.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. முன் சீட்டில் இருந்த பேச்சியம்மா திரும்பினாள். மருந்து செலுத்துகிற ரூமில் பல வருஷம் வேலை பார்த்தவள்.

"என்னையத்தான் மொதக் கிட்டு கிட்டிக்கச் சொல்லியிருக்காக, பாய். ராசியான கையாம்."

இறங்கியதும் நேரே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் திறந்தார். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருந்தேன். அதை எடுத்து மேஜையில் வைத்தார். "இரும்பு ஒரு துண்டு உள்ள போகக்கூடாது பாய். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப உள்ள இருக்கிற அந்தக் கம்பி?"

"அது சாமி சாமான்லா!"

கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வாங்குகிற கேட் அது. சந்தனம் குங்குமம் வைத்ததும் அந்தக் கம்பி இரும்பு என்பதே எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. எனக்கும்தான்.

பேச்சியம்மா உள்ளே போய்ச் சொல்ல, பத்து நிமிஷத்தில் அண்ணாச்சி வந்தார். பட்டு வேட்டி, கையில் துண்டில் சுற்றிய கம்பி, முகத்தில் கோபம். பின்னாலேயே பேச்சியம்மா.

"என்ன பாய் இது? நேத்து அம்புட்டுப் பேர் முன்னாடி மருந்து கிட்டிக்கிறதுன்னீக. இன்னைக்கு வேண்டாங்கீக. நல்ல நேரம் நெருங்கிக்கிட்டு இருக்கு."

"இன்னைக்கும் அதைத்தான் சொல்லுறேன் அண்ணாச்சி. மருந்து கிட்டிக்கிறதுதான். ஆனா அதுக்கு வேலை கிணத்துப் பாறையில. திருப்பிக் காட்டுங்க, பார்ப்போம். முழுசாச் செம்பு இருந்தா என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க."

அவர் துண்டைப் பிரித்துக் கம்பியைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் அப்பியிருந்த சந்தனத்தை அவரே துடைத்தார். சிவந்த பூணுக்கு நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு தேய்மானம். வாட்ச்மேன் மேஜையில் இருந்த காந்தத்தை எடுத்து அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சி காந்தத்தைப் பிடுங்கினார், மறுபடி வைத்தார். மறுபடியும் டக்.

"மொதலாளி," என்றாள் பேச்சியம்மா, "தாத்தா மேல எங்களுக்கும் மருவாதை இருக்கு. ஆனா மருந்து முன்னாடி ஒக்காரப்போறது நான்ல."

அவர் கம்பியைத் துண்டில் சுற்றினார். "ஊர்ல எங்க வீட்டைக் கெணத்துக்காரன் வீடுன்னுதான் சொல்லுவாக. கெணத்தடியில வீடு இருந்ததாலன்னு நெனச்சிருந்தேன்." பிறகு வாட்ச்மேனிடம் கம்பியை நீட்டினார். "ஏலே, இதை இங்கனயே வை. உள்ள வரக்கூடாது."

அன்று பேச்சியம்மா எப்போதும் போல மரக்குச்சியையும் மரச்சுத்தியலையும் வைத்து வேலையைத் தொடங்கினாள். சாயங்காலம் அதே வேனில் ஆமத்தூரைத் தாண்டிப் போகும்போது, ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

சாமானின் பேர் தெரிவது பாதி வேலைதான். இது என்ன என்று ஒருவர் கேட்டால், கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பேரைச் சொல்லுமுன், எதற்குக் கேட்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் மனதில் என்ன நினைத்திருக்கிறாரோ, அதற்கு உங்கள் பதிலை அனுமதியாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த வருஷம் அண்ணாச்சி கடைக்கு ஒரு பழைய இரும்பு வளையத்தோடு வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "செவத்துல மாட்டுறதுக்குத்தான்யா கேக்கேன். பயப்படாம பேரைச் சொல்லுங்க!"

கையில் வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.